‘இரத்தம் குறைவு’ என்பதோடு முடிந்துவிடும் பேச்சு: மலையகத்தில் குருட்டுக்குடல், குடல்வால் கட்டிகள்

மலையகத்தில் எந்தத் தோட்டத்து டிஸ்பென்சரி வாசலில் போய் நின்றாலும், ஒரு மணித்தியாலத்துக்குள் ‘இரத்தம் குறைவு’ என்ற சொல்லைப் பல தடவை கேட்கலாம். மலை ஏறினால் மூச்சு வாங்குகிறது, பிரட்டுக்களத்தில் நிற்கும்போதே தலை சுற்றுகிறது, கொழுந்து நிறுக்கும் நேரத்தில் கால் நடுங்குகிறது என்று யார் போய்ச் சொன்னாலும் விடை அதுதான். ஒரு கடதாசிப் பையில் இரும்புச்சத்து மாத்திரைகளும், கீரை சாப்பிடுங்கள் என்ற அறிவுரையும் கிடைக்கும். பெரும்பாலான வேளைகளில் அந்த விடை சரியானதும்கூட. ஆனால் இரத்தம் குறைவு என்பது ஒரு நோயின் பெயரல்ல. காய்ச்சல் மாதிரி அது ஓர் அறிகுறி. இரத்தம் எங்கே போகிறது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வர வேண்டும். எங்கள் தோட்டங்களில் அந்தக் கேள்வி வருவதே இல்லை.

நான் அரசாங்க வைத்தியசாலை ஒன்றின் நோயியல் ஆய்வுகூடத்தில் தொழில்நுட்பவியலாளராக வேலை செய்கிறேன். வைத்தியர் அல்ல. சத்திரசிகிச்சைக் கூடத்திலிருந்து ஃபோர்மலின் போத்தல்களில் வரும் உறுப்புகளைப் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, மெல்லிய படலமாகச் சீவி, சாயமிட்டு, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, நோயியல் நிபுணரின் நுணுக்குக்காட்டிக்குக் கொடுப்பது என் வேலை. வளர்ந்தது பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில். ஆகவே அந்தப் போத்தல்களில் ஒட்டியிருக்கும் பெயர்களும் தோட்டங்களும் எனக்கு அந்நியமானவை அல்ல. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் இரண்டு உறுப்புகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். ஒன்று குருட்டுக்குடல். மற்றது அதில் தொங்கும் குடல்வால், நாம் எல்லோரும் ‘அப்பென்டிக்ஸ்’ என்று சொல்வது.

சிறுகுடல் வந்து பெருங்குடலில் சேரும் இடம் வயிற்றின் வலது பக்கம், கீழே, இடுப்பெலும்புக்குச் சற்று உள்ளே இருக்கிறது. சேரும் இடத்துக்குக் கீழே பெருங்குடல் ஒரு பை போலத் தொங்கும். அந்தப் பைக்கு மறுபக்கம் வழி இல்லை. அதனால்தான் அது குருட்டுக்குடல். அதன் அடியில் பென்சில் பருமனில், பெரும்பாலும் ஏழெட்டு சென்ரிமீற்றர் நீளத்தில் தொங்குவது குடல்வால். அதுவும் ஒரு முட்டுச்சந்துதான்.

குருட்டுக்குடலில் கட்டி வந்தால் ஏன் சத்தமில்லாமல் வளர்கிறது என்பதற்கு அதன் அமைப்பே காரணம். பெருங்குடல் முழுவதிலும் அகலமான இடம் அதுதான். அங்கே வந்து சேரும் கழிவு இன்னும் கஞ்சி போலத் தண்ணீராகவே இருக்கும். இடது பக்கக் குடல் ஒடுக்கமானது, அங்கே மலம் இறுகியிருக்கும். அதனால் அங்கே வரும் கட்டி சீக்கிரம் வழியை அடைக்கும், மலச்சிக்கல் வரும், மலத்தின் மேல் சிவப்பாக இரத்தம் தெரியும், ஆள் பயந்து வைத்தியரிடம் போவார். வலது பக்கத்தில் அப்படி நடப்பதில்லை. கட்டி ஒரு தேசிக்காய் அளவுக்கு வளர்ந்தாலும் கஞ்சி அதைச் சுற்றி ஓடிவிடும். கட்டியின் மேற்பரப்பு உரசிக் கசியும் இரத்தம் மலத்தோடு கலந்து, ஒன்றரை மீற்றர் நீளப் பெருங்குடலைக் கடந்து வெளியே வரும்போது கண்ணுக்குத் தெரியாது. இரும்பு மாத்திரை குடிப்பவருக்கு மலம் எப்படியும் கறுப்பாகத்தான் போகும். இருந்த ஒரு தடயத்தையும் மாத்திரை மறைத்துவிடுகிறது.

கணக்கு இப்படி. ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு உறிஞ்சுவது 1 முதல் 2 மில்லிகிராம். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர் இரத்தம் தினமும் கசிந்தால் இரண்டரை மில்லிகிராம் போய்விடும். வரவை விடச் செலவு கூட. வலி இல்லை, வாந்தி இல்லை, இரத்தத்தைக் கண்ணால் பார்த்ததும் இல்லை. ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ ஆள் வெளிறிப் போகிறார்.

இதே விடயம் கொழும்பில் ஒரு வங்கி முகாமையாளருக்கு நடந்தால், 55 வயது ஆணுக்கு ஏன் இரத்தம் குறைகிறது என்று யாராவது யோசிப்பார்கள். தோட்டத்தில் யோசிக்காததற்கு ஒரு வரலாறு இருக்கிறது. தோட்டத் தொழிலாளியின் வெளிறிய முகத்துக்கு நூறு வருடங்களாகவே தயார் விடைகள் இருந்திருக்கின்றன. அமெரிக்காவின் றொக்பெல்லர் மன்றம் 1916இல் இலங்கையில் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது அதற்குத் தெரிவானது மாத்தளைப் பகுதி. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர், செருப்பில்லாத கால், மலசலகூடம் இல்லாத லயம், குடலில் புழு, அதனால் சோகை. அன்றைக்கு அது உண்மை. பிறகு அடுத்தடுத்த பிள்ளைப்பேறு, இறைச்சியும் மீனும் குறைந்த சாப்பாடு, சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் சாயம் என்று வேறு காரணங்களும் சேர்ந்தன. தேயிலையில் உள்ள தனின் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. நாம் பறிக்கும் கொழுந்தே நம் இரத்தத்தைக் குறைக்கிறது என்பது கசப்பான பகிடிதான், ஆனால் விஞ்ஞானம் அதுதான். இத்தனை நியாயமான காரணங்கள் கையில் இருக்கும்போது இன்னொன்றைத் தேட யாருக்கும் தோன்றுவதில்லை.

என் சித்தியின் கதை இதற்குள் அடங்குகிறது. அவருக்கு அப்போது 54 வயது. மாதவிடாய் நின்று ஐந்து வருடம். முன்பு சுமந்த கொழுந்தைச் சுமக்க முடியவில்லை, மலை உச்சியில் இருந்த தொங்கல் லயத்துக்கு ஏற இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. ஹீமோகுளோபின் 7.8. பெண்களுக்கு 12க்குக் குறைந்தால் சோகை என்பது உலக சுகாதார அமைப்பின் அளவு, ஆண்களுக்கு 13. மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் 9.6க்கு ஏறியது. எல்லோருக்கும் சந்தோஷம். மாத்திரை முடிந்தது, மறுபடி 7.9. மறுபடி மாத்திரை. இப்படி ஒன்றரை வருடம் போனது. எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை, ஏனென்றால் அந்த வரிசையில் எந்த ஆஸ்பத்திரியில் நின்றிருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். கடைசியில் குளிக்கும்போது வலது அடிவயிற்றில் கல் போல ஒன்று கையில் பட்டதாக அவரே சொன்னார். கண்டியில் குடல் உட்காட்டிப் பரிசோதனை செய்தார்கள். குருட்டுக்குடலில் புற்றுநோய்.

மாத்திரை எடுத்தால் ஏறி, நிறுத்தினால் இறங்கும் ஹீமோகுளோபின்தான் இந்தக் கட்டுரையில் வாசகர் முதலில் நினைவில் வைக்க வேண்டியது. இரும்பு ஏறுகிறது என்றால் உடம்பு அதை உறிஞ்சுகிறது என்று அர்த்தம். மறுபடி இறங்குகிறது என்றால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும், எந்த வயது ஆணுக்கும், இரும்புச் சோகை உறுதியானால் இரைப்பையையும் பெருங்குடலையும் உள்ளே பார்க்க வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள வைத்திய வழிகாட்டல். மாத்திரையைப் பக்கத்தில் கொடுத்துக்கொண்டே அதைச் செய்யலாம்.

உறுதியானால் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. எஃப்.பி.சி. எனப்படும் முழு இரத்தப் பரிசோதனையில் சிவப்பணுக்கள் சிறுத்திருந்தால் அது இரும்புக் குறைவாகவும் இருக்கலாம், பரம்பரையாக வரும் தலசீமியாக் கூறாகவும் இருக்கலாம். தலசீமியா இலங்கையில் அரிதல்ல. இரண்டையும் பிரிப்பதற்கு ஃபெரிட்டின் என்ற இரத்தப் பரிசோதனை உதவும். உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று அது சொல்லும். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையும் உண்டு. ஆனால் கட்டி தினமும் ஒரே மாதிரிக் கசிவதில்லை. சோகை உள்ளவருக்கு அந்த ஒரு பரிசோதனை ‘இல்லை’ என்று வந்துவிட்டால் மட்டும் நிம்மதி அடையக் கூடாது.

அதைவிடப் பெரிய ஏமாற்றம் வயிற்று ஸ்கான். “ஸ்கான் பண்ணியாச்சு, ஒண்ணும் இல்லன்னுட்டாங்க” என்று தோட்டத்தில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் சொல்வது அல்ட்ராசவுண்ட். ஈரல், பித்தப்பை, சிறுநீரகம், கருப்பை ஆகியவற்றை அது நன்றாகக் காட்டும். குடலுக்குள் காற்று இருப்பதால் ஒலியலை அங்கே சிதறிப் போகும். பெரிய கட்டி அல்லது வீங்கிய குடல்வால் என்றால் தெரியலாம். சிறியது தெரியாது. சீ.டீ. ஸ்கான் இன்னும் நன்றாகக் காட்டும், நோய் ஈரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்கவும் அதுதான் வேண்டும். ஆனால் குருட்டுக்குடலின் உட்சுவரில் முளைத்திருக்கும் சின்ன மொட்டைப் பார்க்கவும், அதிலிருந்து ஒரு துணுக்கு எடுக்கவும் கொலொனோஸ்கொபிதான். பெரும்பாலான குடல் புற்றுநோய்கள் அப்படியொரு மொட்டிலிருந்து பத்து வருடம் அளவில் மெதுவாக உருவாகின்றன. மொட்டாக இருக்கும்போதே கண்டால் அந்தக் குழாய் வழியாகவே வெட்டி எடுத்துவிடலாம்.

கொலொனோஸ்கொபி என்றால் ஆசனவாய் வழியாகக் கமெரா பொருத்திய வளையும் குழாயை விட்டுப் பெருங்குடலின் கடைசி வரை போவது. கடைசி என்பதுதான் குருட்டுக்குடல். பரிசோதனை செய்பவருக்கு மிகத் தொலைவான மூலை. குடல் சரியாகச் சுத்தமாகாவிட்டாலோ, வளைவில் சிக்கினாலோ, வலி தாங்க முடியாமல் நோயாளி போதும் என்றாலோ பாதியில் நிறுத்த வேண்டி வரும். அப்படி நிறுத்தினால் அறிக்கையில் அதை எழுதுவார்கள். முழுவதும் போயிருந்தால் குருட்டுக்குடலை அடைந்ததாகவும், குடல்வாலின் வாயையும் சிறுகுடல் சேரும் வால்வையும் கண்டதாகவும் எழுதிப் படமும் வைப்பார்கள். இடது பக்கத்தை மட்டும் பார்க்கும் சிக்மொய்டோஸ்கொபி என்ற சிறிய பரிசோதனையும் இருக்கிறது. இரண்டின் பெயரும் வீட்டாருக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும். “கடைசி வரைக்கும் போய்ப் பாத்தீங்களா டொக்டர்?” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

இந்தப் பரிசோதனைக்கு முன்னாயத்தம் செய்வதில்தான் லயத்து வாழ்க்கை குறுக்கே வருகிறது. முதல் நாள் மாலையிலிருந்து பேதி மருந்து கலந்த தண்ணீரை இரண்டு முதல் நான்கு லீற்றர் வரை குடிக்க வேண்டும். இரவு முழுவதும் பத்துப் பதினைந்து தடவை போக வேண்டியிருக்கும். வீட்டுக்குள் மலசலகூடம் உள்ளவருக்கு அது ஒரு தொல்லை, அவ்வளவுதான். லயத்துக்கு வெளியே, படி இறங்கி, இன்னும் இரண்டு குடும்பத்தோடு பகிர்ந்துகொள்ளும் மலசலகூடம் உள்ள 60 வயதுப் பெண்ணுக்கு, மழையில், அட்டைக்கடியில், நுவரெலியாக் குளிரில் அது நடக்கிற காரியமா? பாதி மருந்தைக் கொட்டிவிடுவார். அடுத்த நாள் குடல் சுத்தமில்லை என்று திருப்பி அனுப்புவார்கள், அல்லது அரைகுறையாகப் பார்த்து முடிப்பார்கள். தோட்டத்திலிருந்து வருபவர் என்றால் முதல் நாளே வார்ட்டில் அனுமதித்து அங்கே மருந்தைக் கொடுப்பதுதான் இதற்கு வழி. கட்டில் இருந்தால் பல வைத்தியர்கள் அதற்குச் சம்மதிப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் நோயாளி தன் மலசலகூடம் எங்கே இருக்கிறது என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். இரும்பு மாத்திரையை ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அது கறுப்பாக ஒட்டிக்கொண்டு பார்வையை மறைக்கும்.

குருட்டுக்குடலில் கட்டி தெரிந்துவிட்டாலும் அது புற்றுநோய் என்று உடனே முடிவு செய்துவிட முடியாது. நம்முடைய பிரதேசத்தில் வயிற்றுக் காசநோய் அதிகம் பிடிக்கும் இடம் சிறுகுடலும் குருட்டுக்குடலும் சேரும் அதே மூலைதான். காய்ச்சல், மெலிவு, வலது பக்கத்தில் கட்டி, சீ.டீ.யில் தடித்த சுவர் என்று இரண்டும் அண்ணன் தம்பி போலத் தோன்றும். அமீபாக் கிருமியும் அங்கே கட்டி போன்ற வீக்கத்தை உண்டாக்கலாம். குரோன் என்ற அழற்சி நோயும் உண்டு. ஒன்றுக்கு ஆறு மாத மாத்திரை, இன்னொன்றுக்குக் கத்தி. ஆளைப் பார்த்தோ படத்தைப் பார்த்தோ பிரிக்க முடியாத இந்த இடத்தில் பயோப்சி வேண்டும். அரிசி அளவுத் துணுக்குகள் சில எங்கள் மேசைக்கு வருகின்றன. நுணுக்குக்காட்டியில் காசநோயின் கிரனுலோமாக்கள் ஒரு மாதிரியும், ஒழுங்கு கெட்டுப் பெருகிய புற்றுக்கலங்கள் வேறு மாதிரியும் தெரியும். துணுக்கு மேலோட்டமாக எடுக்கப்பட்டிருந்தால் இரண்டுமே தெரியாமல் போகலாம். அப்போது மறுபடி எடுக்கச் சொல்லுவார்கள். அதை யாரும் ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். சீ.ஈ.ஏ. என்ற இரத்தப் பரிசோதனையைத் தனியார் ஆய்வுகூடங்களில் காசு கொடுத்துச் செய்துகொண்டு வருபவர்களும் உண்டு. சிகிச்சைக்குப் பிறகு நோய் திரும்புகிறதா என்று கண்காணிக்க அது பயன்படும். நோய் இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்க அது போதாது.

சித்திக்குக் குருட்டுக்குடலையும் அதற்கு மேலுள்ள வலது பக்கப் பெருங்குடலையும் சேர்த்து வெட்டி எடுத்தார்கள். அப்படி எடுக்கும் குடலோடு ஒட்டியிருக்கும் கொழுப்பில் நிணநீர்க் கணுக்கள் இருக்கும். குறைந்தது 12ஐத் தேடி எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் துறையின் நியமம். கொழுப்பைக் கையால் பிசைந்து பயற்றம் பருப்பு அளவுக் கணுக்களைத் தேடும் வேலை அலுப்பானது. ஆனால் அதில்தான் எல்லாம் இருக்கிறது. கணுக்களில் நோய் இல்லையென்றால் பலருக்கு அறுவைச் சிகிச்சையோடு முடிந்துவிடும். இருந்தால் மாதக்கணக்கில் கீமோ. சித்தியின் கணுக்களில் மூன்றில் இருந்தது. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்கு பஸ்ஸில் இரண்டரை, மூன்று மணித்தியாலம். வாந்தியோடு அந்த வளைவுகளில் ஆறு மாதம் போய் வந்தார். கூடப் போன என் தங்கைக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு பேர் போனது. வெளியூர் வாசகருக்கு: தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் ‘பேர்’ என்போம், வராவிட்டால் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயானதே 2024இல்தான். சிகிச்சை இலவசம். ஆனால் போக்குவரத்தும் போன பேரும் இலவசமில்லை. சித்தி இப்போது இருக்கிறார். மலைக்குப் போவதில்லை. ஒன்றரை வருடத்துக்கு முன் பார்த்திருந்தால் கணுக்கள் சுத்தமாக இருந்திருக்குமா என்று நோயியல் நிபுணரிடம் ஒரு நாள் கேட்டேன். அதைப் பின்னோக்கிச் சொல்ல முடியாது என்றார். நேர்மையான பதில்.

குடல்வாலின் கதை வேறு. அங்கே நோயாளி தாமதிப்பதில்லை, வலி தாமதிக்க விடாது. தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது பக்கம் இறங்கும் வலி, வாந்தி, காய்ச்சல். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்கு 2017இல் இந்திய உதவியில் 150 கட்டில் கட்டடம் கிடைத்தது, நுவரெலியாவில் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. குடல்வால் அழற்சிக்காகத் தோட்டத்து ஆள் செத்துப்போகும் காலம் பெரும்பாலும் போய்விட்டது. ஒப்பரேஷன் முடிந்து மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விடுவார். எடுத்த குடல்வால் ஃபோர்மலின் போத்தலில் எங்களிடம் வரும்.

இப்படி வரும் குடல்வால்களில் ஏறத்தாழ நூறில் ஒன்றில் கட்டி இருக்கும். வெளிநாட்டு ஆய்வுகளில் தொடர்ந்து காணப்படும் அளவு அது. ஒப்பரேஷனுக்கு முன் யாரும் எதிர்பார்க்காத கட்டி. சத்திரசிகிச்சை நிபுணர் கையில் எடுத்துப் பார்த்தாலும் பெரும்பாலும் தெரியாது. சீவிச் சாயமிட்ட பிறகுதான் தெரியும்.

அவற்றில் பல, நரம்புநாளமில்லாக் கட்டிகள் என்ற வகை. 1907இல் ஜேர்மனிய நோயியலாளர் ஒபெர்ன்டோர்ஃபர் இவற்றுக்குக் ‘கார்சினொய்ட்’, அதாவது புற்றுநோய் மாதிரி, என்று பெயர் வைத்தார். குடல்வாலின் நுனியில் 1 சென்ரிமீற்றருக்குக் குறைவாக இருந்தால் குடல்வாலை எடுத்ததே சிகிச்சை, அதற்கு மேல் பொதுவாக எதுவும் தேவையில்லை. 2 சென்ரிமீற்றரைத் தாண்டினால் வலது பக்கக் குடலையும் எடுக்க வேண்டியிருக்கும். நடுவில் உள்ளவற்றுக்கு வேறு விபரங்களையும் பார்த்து முடிவெடுப்பார்கள். ஒரு சென்ரிமீற்றர் வித்தியாசத்தில் ஒருவருடைய வாழ்க்கை வேறு திசையில் போகிறது. அந்த அளவு எழுதப்பட்டிருப்பது ஒரு தாளில்.

இன்னொரு வகை சளி சுரக்கும் கட்டிகள். குடல்வால் சளியால் நிரம்பிப் பலூன் போல வீங்கும். 1842லேயே ரொகிற்றான்ஸ்கி இதை விபரித்திருக்கிறார். வெடிக்காதவரை பெரிய ஆபத்தில்லை. வெடித்தால் சளியும் அதைச் சுரக்கும் கலங்களும் வயிற்றுக்குள் சிந்தி, மாதங்களாக, வருடங்களாக ஜெலி போலப் பெருகும். வயிறு மெல்ல மெல்லப் பெருக்கும். பெண் என்றால் சூலகக் கட்டி என்று நினைப்பார்கள். தோட்டத்து ஆண் என்றால் கசிப்பு குடித்து ஈரல் கெட்டு நீர் கோத்திருக்கிறது என்று பார்த்தவுடனேயே சொல்லிவிடுவார்கள், குடிக்காதவனாக இருந்தாலும். நடிகை ஓட்ரி ஹெப்பர்னின் உயிரைக் குடித்தது குடல்வாலில் தொடங்கிய புற்றுநோய்தான். 1992 செப்டெம்பரில் யுனிசெஃபின் நல்லெண்ணத் தூதராகச் சோமாலியாப் பஞ்சத்தைப் பார்க்கப் போய்வந்த பிறகு வயிற்று வலி. நவம்பரில் லொஸ் ஏஞ்சலிஸில் வயிற்றைத் திறந்தபோது நோய் பரவியிருந்தது. 1993 ஜனவரி 20ஆம் திகதி, 63 வயதில் இறந்தார். பணமும் வைத்தியர்களும் சூழ இருந்தவருக்கே அது அவ்வளவு ஒளிந்திருக்கக்கூடிய இடம்.

நாற்பது வயதுக்கு மேல் முதன்முதலாக அப்பென்டிக்ஸ் வலி வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். குருட்டுக்குடலில் உள்ள கட்டி குடல்வாலின் வாயை அடைத்தாலும் அதே வலிதான் வரும். சில நேரம் குடல்வால் வீங்கிக் கட்டியாகி, சுற்றிலும் சீழ் பிடித்திருக்கும். அப்போது உடனே வெட்டாமல் அன்டிபயோட்டிக் கொடுத்து அடக்கி, ஆறு வாரம் அளவில் திரும்ப வரச் சொல்வது வழக்கம். அப்படி அடங்கியவர்களுக்குப் பிறகு ஒப்பரேஷன் தேவையா என்று பின்லாந்தில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2019இல் வெளியான அதன் முடிவுகளின்படி, 60 பேரில் 12 பேருக்குக் குடல்வாலில் கட்டி இருந்தது. பன்னிரண்டு பேரும் 40 வயதைத் தாண்டியவர்கள். இப்படி வரும் என்று எதிர்பார்க்காததால் ஆய்வையே இடையில் நிறுத்திவிட்டார்கள். சாதாரண அழற்சிக்கு நூறில் ஒன்று என்ற கணக்கு, சீழ்க்கட்டி வந்தவர்களில் ஐந்தில் ஒன்றாகியிருக்கிறது.

இனி நம் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். வலி போய்விட்டது. காய்ச்சல் இல்லை. ஆறு வாரம் கழித்து கிளினிக்குக்குப் போனால் ஒரு பேர் போகும், பஸ் காசு போகும், கங்காணியிடம் சொல்ல வேண்டும். எத்தனை பேர் போவார்கள்? டயக்னோசிஸ் கார்டில் அந்தத் திகதி ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, கார்ட் ஷொப்பிங் பைக்குள் சுருட்டப்பட்டு, காம்பராவின் கூரைச் சட்டத்தில் சொருகப்பட்டிருக்கும். 40 வயதைத் தாண்டிய ஒருவருக்கு அந்த ஆறாம் வாரம் எதற்காக என்று தமிழில் ஒரு வசனம் சொல்ல வார்ட்டில் ஆளிருந்தால் நிலைமை மாறும். சிங்களத்தில் சொல்லி, அவர் தலையாட்டி, இருவரும் புரிந்ததாக நினைத்துப் பிரிவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

ஒப்பரேஷன் நடந்தவர்களின் ரிப்போட்களும் இப்படித்தான். நான் வேலை செய்த ஓர் ஆய்வுகூடத்தில், யாரும் வந்து வாங்காத நோயியல் அறிக்கைகள் ஓர் அலுமாரித் தட்டில் கட்டுக்கட்டாக இருந்தன. பெரும்பாலானவை சாதாரண அழற்சி, வாங்காவிட்டாலும் குடி முழுகாது. ஆனால் கட்டுக்குள் எது இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாதே. ஆபத்தான முடிவு வந்தால் நிபுணர் வார்ட்டுக்குத் தொலைபேசியில் சொல்வார், வார்ட்டிலிருந்து நோயாளியைத் தேடுவார்கள். தேடும்போதுதான் மலையகத்தின் பழைய நோய் தெரியவரும்: முகவரி. தோட்டத்தின் பெயரும் டிவிஷனும் மட்டும் இருக்கும். வீட்டு இலக்கம் இல்லை, கடிதம் தோட்டத்துக் காரியாலயத்துக்குப் போய்க் கிடக்கும். அடையாள அட்டையில் ஒரு பெயர், வார்ட்டில் எழுதியது இன்னொன்று, ஆங்கிலத்தில் எழுத்துகள் மாறி மூன்றாவது ஒன்று. ஒரே டிவிஷனில் ஒரே பெயரில் நான்கு பேர். கொடுத்த தொலைபேசி இலக்கம் அடுத்த வீட்டுப் பையனுடையது, அவன் கொழும்பில் கடையில் நிற்கிறான்.

ஆகவே வீட்டில் யாருக்காவது குடல்வாலோ குடலின் துண்டோ எடுக்கப்பட்டால், வார்ட்டை விட்டு வருவதற்கு முன் கேட்க வேண்டியது, எடுத்ததை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினீர்களா, ரிப்போட் எப்போது வரும், எங்கே வாங்க வேண்டும் என்பதுதான். இரண்டு மூன்று வாரம் என்று சொன்னால் அந்தத் திகதியைக் கலண்டரில் குறித்துவைத்து, படித்த பிள்ளை ஒருவரை அனுப்பலாம், நோயாளியே போக வேண்டும் என்றில்லை. டயக்னோசிஸ் கார்டையும் அடையாள அட்டையின் பிரதியையும் கொடுத்துவிடுங்கள். ரிப்போட் கையில் வந்தால் அதை வைத்தியர் ஒருவர் பார்க்க வேண்டும். தோட்டத்து வைத்திய உதவியாளரிடம் காட்டினாலும் தொடக்கத்துக்குப் போதும், அவருக்கு அந்த ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். குடும்பத்தில் ஐம்பது வயதுக்கு முன் யாருக்காவது குடல் புற்றுநோயோ கருப்பைப் புற்றுநோயோ வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். பரம்பரையாக வரும் ஒரு வகை, குடலின் வலது பக்கத்தையே அதிகம் பிடிக்கிறது.

ரிப்போட்டை வாங்காமலே விட்டவர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. மெழுகில் பதித்த உங்கள் குடல்வால் துண்டையும் கண்ணாடித் தகட்டையும் நாங்கள் எறிந்துவிடுவதில்லை. பல வருடங்கள் இலக்கமிட்டு வைத்திருப்போம். பதிவேட்டில் ஒப்பரேஷன் நடந்த திகதியை வைத்துத் தேடலாம். டயக்னோசிஸ் கார்ட் இருந்தால் பத்து நிமிட வேலை, இல்லாவிட்டால் அரை நாள் ஆகும். ரிப்போட் தொலைந்திருந்தால் பிரதி எடுக்கலாம், சந்தேகம் இருந்தால் நிபுணர் அதே தகட்டை மறுபடி பார்ப்பார். கூரைச் சட்டத்தில் சொருகிய ஷொப்பிங் பையை இறக்கி, உள்ளே என்ன திகதி எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.